பூச்சியங்களுக்குள் எட்டுகள்

1988 இல் நான் வேலை பார்த்த கந்தோர் யாழ்ப்பாணப் பட்டணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய மாடியில் இருந்தது. கலியாணப் பொருத்தம் பார்க்கிற ஒரு சாத்திரியார் அதை நடத்தினார். கொழும்பில் யாரோ பொருத்திக் கொடுத்த கொம்பியூட்டர் ஒன்றை அவருடைய மருமகன் லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார். பெண், மாப்பிள்ளை தேடுகிறவர்கள் சாதகக் குறிப்போடு வருவார்கள். பிறந்த திகதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் நாங்கள் அடித்து ஏற்றுவோம். மெஷின் கிரகநிலையைக் கணித்து, பொருந்தக்கூடியவர்களைத் தேடித் தரும். பிறகு கட்டம் போட்ட ஒரு தாளை அச்சிட்டு உறையில் வைத்து மறுபகுதிக்குக் கொடுப்போம். குறிப்பின் மூலப் பிரதியை வந்தவர்களே திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள்.

வேலைக்கு நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். மற்றவள் வல்வெட்டித்துறைக்காரி. கணிதம் படித்துக்கொண்டிருந்தவள். வகுப்புகள் நடப்பதும் நிற்பதுமாக இருந்ததால் சும்மா இருக்க மனமில்லாமல் இந்த வேலைக்கு வந்திருந்தாள். ஆமி மறிக்காமல் பாதை திறந்திருக்கும் நாட்களில் காலை பஸ்ஸில் வருவாள். திறக்காத நாட்களில் நான் தனியே அடிப்பேன். அவள் விறுவிறுவென்று அடிப்பாள். அடித்ததைத் திரும்ப வாசித்துப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போகமாட்டாள். எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

பிழைகள் எப்போது தொடங்கின என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு தகப்பன் தாளோடு படியேறி வந்து, தன் மகனைத் தைமாதத்திலிருந்து புரட்டாதிக்குத் தள்ளிவிட்டோம் என்று சத்தம் போட்டார். பார்த்தால், மாதம் என்ற இடத்தில் ஒன்றுக்குப் பதில் ஒன்பது கிடந்தது. சாத்திரியார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளையள், நித்திரையிலையோ அடிக்கிறியள்?"

நான்தான் அடித்திருப்பேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் ஒன்பதும் விசைப்பலகையில் இரண்டு கரையில் இருப்பவை, கை மாறுவதற்கு இடமில்லை என்று அவள் மெதுவாகச் சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. திருத்தி அனுப்பினோம். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த நாட்களில்தான் அவளுக்கு ஒரு பேச்சுக்கால் வந்தது. மாப்பிள்ளை அளவெட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர். குறிப்புக் கொடுக்கத் தாயோடு வந்தவர், தாய் சாத்திரியாரோடு கதைத்துக்கொண்டிருக்க, எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது எங்கடை பேரெல்லாம் ஞாபகம் வைச்சிருக்குமோ?" என்று அவளிடம் கேட்டார்.

"கறண்ட் ஒழுங்கா வந்தால் வைச்சிருக்கும்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சிரித்தார். பிறகும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு இரண்டு மூன்று தரம் வந்தார். ஒருமுறை எண்களைப் பற்றிய ஒரு புதிரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதற்கு விடை எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தாள். அடுத்த முறை அவர் அதை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் முகம் இருந்த மாதிரியை நான் பார்த்தேன். இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். குறிப்பு மாற்றிக்கொள்வது மட்டும்தான் மிச்சம். தன் குறிப்பைத் தானே அச்சிட்டுக் கொடுப்பது முறையாகாது என்று சாத்திரியார் அவளை விலக்கி, தானே விசையை அழுத்தி அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அளவெட்டியிலிருந்து ஆள் வந்தது. "பொருத்தமில்லையாம்" என்று ஒரு சொல். அதற்குமேல் காரணம் கேட்பதும் சொல்வதும் எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பெண்ணைக் குறை சொல்லாமல் விலகுவதற்கென்றே இருக்கிற சொல் அது.

அவளுடைய தகப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. கப்பல்களில் வேலை செய்து ஓய்ந்து, கடற்கரைப் பக்கம் சிறிய கடை ஒன்று வைத்திருந்த மனிதர். மாப்பிள்ளையின் குறிப்பை அவர் தங்கள் ஊர்ச் சாத்திரியாரிடம் காட்டியிருந்தார். அந்தச் சாத்திரியார் அருமையான பொருத்தம் என்று சொல்லியிருந்தார். இங்கே பொருந்துவது அங்கே ஏன் பொருந்தாமல் போகிறது? யாரோ ஏதோ சொல்லிக் கலைத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். சந்தேகம் தொண்டைமானாற்றில் இருந்த அவருடைய தங்கைமேல் விழுந்தது. அந்த மாமி தன் மகனுக்கு இவளைக் கேட்டு, இவர் மறுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாமியின் புருசன் வழிச் சொந்தக்காரர் அளவெட்டியில் இருந்தார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போனதையும், முற்றத்தில் நின்று சத்தம் போட்டதையும் அவளே எனக்குச் சொன்னாள். பின்னாலேயே வேறொரு சைக்கிளில் போய் அவள் நேரில் பார்த்திருக்கிறாள்.

"மாமி அழுதுகொண்டு, 'அண்ணை, நான் ஒண்டும் சொல்லேல்லை, சன்னதி முருகன் ஆணை'யெண்டவ. அப்பா கேக்கேல்லை. 'இண்டையோடை எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தியும் இல்லை'யெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார்."

"நீ என்ன நினைக்கிறாய்? மாமி சொல்லியிருப்பாவோ?"

"தெரியேல்லை," என்றாள் அவள். "எனக்கும் அவவிலை கொஞ்சம் சந்தேகம்தான்."

அடுத்த சில மாதங்களில் கந்தோரில் பிழைகள் கூடிக்கொண்டு வந்தன. சில நாட்களில் பெயர்களை ஒழுங்குபடுத்தச் சொன்னால் மெஷின் பாதியில் நின்றுவிடும். திரும்பத் தொடக்கினால் சிலருடைய விபரம் முழுதாகக் காணாமல் போயிருக்கும். பிறந்த நேரத்தில் முக்காற்புள்ளி, அரைப்புள்ளி என்று யாரும் அடித்திராத குறிகள் வந்து நின்றன. சாத்திரியாருக்கு இப்போது எங்கள்மேல் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தோம். மின்குமிழ் மங்கி எரிகிற ஊரில் அதைத்தானே முதலில் சந்தேகிக்க வேண்டும்! சாத்திரியார் ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்து வைத்தார். பிழை நிற்கவில்லை. டிஸ்க் பழுதாக இருக்கலாம் என்று டிஸ்க்கைச் சோதித்தோம். பழுதான இடம் ஒன்றும் காட்டவில்லை. பிறகு ரேடியோ, ரி.வி. திருத்துகிற ஒருவர் வந்து மூடியைக் கழற்றினார். உப்புக் காற்றில் தகடுகளின் பல்லெல்லாம் களிம்பு பிடித்துக் கிடந்தது. அழிறப்பரால் அவற்றைத் தேய்த்துத் துடைத்துப் பொருத்திவிட்டு, "இனிப் பிரச்சினை இல்லை," என்றார். உண்மையாகவே இரண்டு நாள் பிரச்சினை இல்லை. அந்த இரண்டு நாளும் மழை பெய்து குளிராக இருந்தது என்பதைக் கவனித்தவள் அவள்தான்.

பழைய விபரத்தைத் திரும்ப எடுக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லாமல் போயிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் பிளொப்பியில் பிரதி எடுத்து வைப்போம். இருந்தவை கொஞ்சப் பிளொப்பிகள்தான். பழைய பிரதிக்கு மேலேயே அடுத்ததை எழுதுவோம். பிழையான விபரம் சரியானதின் மேல் கிழமைக்குக் கிழமை ஏறி உட்கார்ந்திருந்தது. கவனமாகத்தான் பிரதி எடுத்தோம். அந்தக் கவனத்தாலேயே சரியானவை எல்லாம் அழிந்துபோயின.

ஒருநாள் அவள் வந்தவுடன், "இண்டைக்கு ஒண்டும் அடிக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் படிப்பம்," என்றாள்.

புதிதாக ஒரு கோப்புத் திறந்து அதில் பூச்சியத்தை மட்டுமே நிரப்பினாள். பக்கம் பக்கமாகப் பூச்சியம். அதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி செய்து, அதிலிருந்து வேறொன்றுக்குப் பிரதி செய்து, கடைசியில் பூச்சியம் அல்லாத ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். காலையில் ஒன்றும் வரவில்லை. மத்தியானம் கூரைத் தகரம் காய்ந்து, மெஷினின் முதுகில் கை வைக்க முடியாமல் சுட்டபோது திரும்பச் செய்தாள். பூச்சியங்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டுகள் வந்து நின்றன.

"எட்டு மட்டும்தான்," என்றாள். "வேறை ஒரு இலக்கமும் இல்லை. பாத்தியா?"

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அச்சுத் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினாள். கொம்பியூட்டர் ஒவ்வோர் இலக்கத்தையும் எட்டு இடங்களில் ஒன்றும் பூச்சியமுமாக வைத்துக்கொள்கிறது. பூச்சியத்தை எழுதினாள், அதற்குக் கீழே எட்டை எழுதினாள். இரண்டுக்கும் ஒரேயோர் இடத்தில்தான் வித்தியாசம். ஒன்றையும் ஒன்பதையும் எழுதினாள். அங்கும் அதே இடம். இரண்டை எழுதி அந்த இடத்தை மாற்றினால் முக்காற்புள்ளி வந்தது. மூன்றுக்கு அரைப்புள்ளி.

"இந்த ஒரு இடம்தான் சூட்டிலை புரளுது," என்றாள்.

மூடியைத் திறந்தோம். ஞாபகத்துக்கான சிப்புகள் ஒரு வரிசையில் ஒன்பது இருந்தன. எட்டு சிப்புகள் எட்டு இடங்களுக்கு, ஒன்பதாவது அந்த எட்டும் பிழை விடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு. பிழை கண்டால் மெஷினை அது உடனே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பொருத்திக் கொடுத்தவர் அந்தக் காவலைத் தகட்டிலேயே அணைத்து வைத்திருந்தார். இடைக்கிடை நின்று வாடிக்கையாளருக்குக் கரைச்சல் கொடுக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவள் சந்தேகப்பட்ட சிப்பைச் சிறிய ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, அதே வரிசையில் வேறோர் இடத்திலிருந்த சிப்போடு இடம் மாற்றினாள். அடுத்த நாள் மத்தியானம் திரும்பப் பூச்சியங்களை ஓடவிட்டோம். எட்டு ஒன்றும் வரவில்லை. இரண்டுகள் வந்தன. பழுதான சிப் எந்த இடத்துக்குப் போனதோ அந்த இடம் புரண்டது. சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

"கண்டுபிடிச்சிட்டாய்!" என்று நான் அவள் தோளில் தட்டினேன். சாத்திரியாரும் எழும்பி வந்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஏதோ ஞாபகம் வந்தவள் போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விபரக் கோப்பைத் திறந்து தன்னுடைய பெயரை அடித்தாள். அவள் காலை பத்து மணிக்குமேல் பிறந்தவள். பிறந்த நேரம் என்ற இடத்தில் பதினெட்டு என்று இருந்தது. மாலை ஆறு மணி.

சாத்திரியாருக்குக் கணக்குப் போடத் தாள் தேவைப்படவில்லை. எட்டு மணித்தியாலம் தள்ளினால் லக்கினம் நாலு இராசி நகரும். "பதினொண்டிலை நிண்ட செவ்வாய் ஏழுக்கு வந்திட்டுது," என்றார். "ஏழிலை செவ்வாயெண்டால் ஆர் எடுப்பினம்? உறையிலை போடேக்கை நான் ஒருக்கா பாத்திருந்தால்... உன்ரை குறிப்பு எனக்குத் தெரியும்தானே பிள்ளை. பாக்கேல்லை நான். மெஷின் சரியாத்தான் அடிக்கும் எண்டு ஒட்டிக் குடுத்திட்டன்."

அவள், காவல் அணைந்ததால் சும்மா கிடந்த ஒன்பதாவது சிப்பைக் கழற்றி, பழுதானது இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். மூடியைப் பூட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நடந்த பிழையைச் சொல்ல அளவெட்டிக்குப் போவதென்று சாத்திரியார் முடிவெடுத்தபோது, அவளையும் வரச் சொல்லிக் கேட்டேன். "நான் வந்தால் கெஞ்ச வந்த மாதிரி இருக்கும். நீங்கள் போங்கோ," என்றாள். ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சாத்திரியாரும் போனோம். வழியெல்லாம் ஆமிக்காரரின் சென்றிகளில் சோதனைக்கு இறங்கி ஏறினோம். சாத்திரியார் சரியான தாளைத் தன் கையால் எழுதி, மடியில் வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் தாய் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தா. சாத்திரியார் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மெஷினைப் பற்றி அவர் சொன்னது அந்த அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "பிழை என்ரை, அம்மா. அந்தப் பிள்ளையின்ரை குறிப்பிலை ஒரு குற்றமும் இல்லை," என்று அவர் சொன்னது விளங்கியிருக்க வேண்டும். அவ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

"எங்களுக்கு ஒரே பொடியன், ஐயா. ஏழிலை செவ்வாயெண்டு கிடந்தால் நான் என்ன செய்யிறது? அவன் அந்தப் பிள்ளையையே கலியாணம் செய்யப்போறன் எண்டு ரெண்டு நாள் சாப்பிடேல்லை. நான்தான் அழுது மறிச்சனான்."

"இப்ப தம்பி எங்கை?"

"கனடாவிலை ஒரு இடம் சரிவந்துது. போன மாதம் கொழும்பிலை கலியாண எழுத்து முடிஞ்சு, ஆள் கனடா போயிட்டுது."

எழும்பும்போது, தொண்டைமானாற்று மாமியின் ஞாபகம் வந்து நான் கேட்டேன். "அம்மா, அவளைப் பற்றி ஆரும் வந்து குறையாக் கதைச்சவையோ?"

"ஐயோ, ஆரும் ஒண்டும் சொல்லேல்லை, பிள்ளை. அந்தப் பிள்ளையின்ரை மாமியாம், தொண்டைமானாத்திலையிருந்து ஒருத்தி வந்தவ. எங்கடை சொந்தக்காரரோடை வந்து, 'அவள் தங்கமான பிள்ளை, யோசிக்காமல் எடுங்கோ'வெண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

இதை நான் அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மாப்பிள்ளை போனதைச் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாமி போய் நல்லது சொன்னதைச் சொன்னபோதுதான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த மாதங்களில் நாங்கள் சைக்கிளில் வீடு வீடாகப் போனோம். மூலக் குறிப்பை வாங்கிப் பார்த்து ஒவ்வொருவரின் விபரத்தையும் சரிபார்த்தோம். சாத்திரியார் எல்லா வீட்டிலும் தானே இறங்கி மன்னிப்புக் கேட்டார். சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று அயலுக்கும் தெரியவில்லை. அவர்களுடைய விபரத்தில் இருந்த எட்டு உண்மையான எட்டுத்தானா, எங்கள் தாளால் வேறு எந்தப் பேச்சுக்கால் குழம்பியது என்பதெல்லாம் தெரியாமலே போயிற்று. அடுத்த வருடம் சாத்திரியார் மெஷினைத் துணியால் மூடிவிட்டுத் திரும்பக் கையால் கணிக்கத் தொடங்கினார். எங்களுக்கு வேலை இல்லாமல் போனது.

நான் அளவெட்டிக் கதையைச் சொன்ன அன்றைக்கே அவளுடைய தகப்பனுக்கும் விசயம் தெரிந்துவிட்டது. அவள் ஒளிக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு, "நாளைக்குத் தொண்டைமானாறு போய் அவளைப் பாப்பம்," என்றாராம். அடுத்த நாள் கடையில் ஏதோ வேலை வந்தது. அதற்கடுத்த கிழமை ஆமியின் சுற்றிவளைப்பு. பிறகு, "மெஷின் பிழைவிட்டுட்டுது எண்டு போய் அவளுக்கு முன்னாலை நிக்கிறதோ? கொஞ்சம் ஆறட்டும்," என்றார். அவள் தனியே போய் மாமியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமி அவளைக் கட்டிப்பிடித்து, "அண்ணை வரட்டும், மோனை. அவர் வந்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்றா. அவர் போகவில்லை. தீபாவளிக்குப் போகலாம், சன்னதித் திருவிழாவுக்குப் போகலாம் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. 1990 இல் திரும்பச் சண்டை தொடங்கியபோது மாமி குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டா. அங்கே அகதி முகாமில் காய்ச்சல் வந்து செத்துப்போனா என்ற செய்தி, அக்கரையிலிருந்து வந்த யாரோ மூலம், செத்து வெகுநாளைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

1995 இல் சண்டையால், யாழ்ப்பாணப் பட்டணமும் அடங்கிய வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது நானும் என் தாயும் வல்வெட்டித்துறைக்குப் போய் அவளுடைய வீட்டில் தங்கினோம். அவள் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வேறு பேச்சுக்கால்கள் வந்து, எல்லாவற்றையும் அவளே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அளவெட்டி மாஸ்ரரை இப்போதும் நினைக்கிறாயா என்று கேட்டேன்.

"முந்தி நினைச்சனான்," என்றாள். "இப்ப மாமியைத்தான் நினைக்கிறன். அப்பா மட்டும் சந்தேகப்படேல்லை. நானும்தான்."

அவளுடைய தகப்பன் தளர்ந்து போயிருந்தார். கண் சரியாகத் தெரியாது. அன்று பின்னேரம் என் குரலைக் கேட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார்.

"பிள்ளை, நீயும் அந்தக் கந்தோரிலை நிண்டனிதானே. உண்மையா மெஷின்தானோ பிழைவிட்டது?"

"ஓம் ஐயா. மெஷின்தான்."

"அப்ப தங்கச்சி ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லேல்லை, ஐயா. நல்லாத்தான் சொல்லியிருக்கிறா."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாள் காலையிலும் என்னைக் கூப்பிட்டு அதையே கேட்டார். நாங்கள் அங்கே இருந்த நாட்களெல்லாம் கேட்டார். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலவே சொன்னேன்.